ஏழு பேருக்கு ஃபார்ச்சூனரா, குளோஸ்டரா?

காரைக்குடியில் ஆச்சியோடு சேர்த்து ஏழு பேர், மாதம் தவறாமல் மதுரை, திருச்சி போவோம், ஃபார்ச்சூனர், குளோஸ்டர் கார்களில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கடைசி வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள் என்று பாருங்கள். எம்ஜி குளோஸ்டர் 4,985 மி.மீ. நீளம், டொயோட்டா ஃபார்ச்சூனர் 4,795. முன் பின் சக்கரங்களுக்கு இடையிலும் குளோஸ்டருக்கு 20 செ.மீ. அதிகம். பெரியவர்கள் பின்னால் உட்கார்ந்தால் இது நன்றாகவே தெரியும். ஃபார்ச்சூனரின் கடைசி சீட்டுகளை மடித்தால் இரு பக்கமும் தூக்கி நிற்கும். சீர் சாமான் ஏற்றும்போது இடைஞ்சல். குளோஸ்டரில் தரையோடு படுத்துவிடும். நீள வண்டியை நிறுத்தச் செட்டிநாட்டுத் தெருக்களில் கவலையில்லை, மதுரை மாசி வீதிகளில்தான் திண்டாட்டம்.

நான்கு சக்கர இயக்கம் (நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போவது)? நம் பக்கம் சமதரை, அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

இரண்டுமே லேடர் பிரேம் (ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் உடலை ஏற்றிய) வண்டிகள், உயரம். அதனால் ஆச்சியையும் ஷோரூமுக்குக் கூட்டிப்போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். (அவர் வேண்டாம் என்றால் விஷயம் முடிந்தது!)

ஏழு பேரும் அடிக்கடி சேர்ந்து போவதானால் என் ஓட்டு குளோஸ்டருக்கு. சில வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் ஃபார்ச்சூனர்தான். பழைய வண்டிச் சந்தையில் அதற்குள்ள கிராக்கி தனி.