தூண்டில் கேள்வி–பதில்: ஜிக்கின் நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள்

கேள்வி: டெக்சாஸில் வேலை பார்க்கும் மகன் வீட்டில் சில மாதங்கள் தங்கப் போகிறேன். தாமிரபரணியில் மண்புழு கோத்துக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்துப் பழகியவன் நான். அங்கே பாஸ் மீனுக்கு ஜிக் என்னும் செயற்கை இரையைப் போடுகிறார்களாம். கடையில் ஒரு சுவர் முழுக்க விதவிதமான நிறங்களில் தொங்குகிறதாம். எந்த நிறத்தை வாங்குவது?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தாங்கள் நிறத்தைக் கேட்டிருக்கிறீர்கள், நான் தலையிலிருந்து தொடங்குகிறேன். ஜிக் என்பது முள்ளின் கழுத்தில் ஈயத்தலை வார்த்து, அதைச் சுற்றிச் சிலிக்கான் இழைகளைக் குஞ்சம்போல் கட்டி, முள்முனை செடியில் மாட்டாதபடி அதன் முன்னே நார்க்கற்றை ஒன்றைக் காவலாக நிறுத்திய இரை. முள்ளில் ட்ரெய்லர் எனப்படும் மென்மையான பிளாஸ்டிக் துண்டு ஒன்றையும் கோத்துக்கொள்வார்கள். அது பெரும்பாலும் கிரேஃபிஷ் என்னும் நன்னீர் உயிரியின் கொடுக்குகளைப் போல இருக்கும், ஏனெனில் அங்குள்ள பாஸ் விரும்பித் தின்னும் இரைகளில் அதுவும் ஒன்று.

இந்தத் தலையின் வடிவம் நீரின் அடித்தரையைப் பொறுத்தது. பாபநாசத்துப் படித்துறைக்கு அருகே பாறை இடுக்கில் ஈயக்குண்டு சிக்கித் தூண்டில் நரம்பு அறுந்த அனுபவம் தங்களுக்கு இருக்கக்கூடும். அத்தகைய கல்தரைக்காகவே குறுக்குவாட்டில் நீண்ட ஃபுட்பால் தலை செய்யப்படுகிறது, அது இடுக்கில் எளிதில் இறங்காமல் கல்லின்மேல் உருண்டு வரும். அடர்ந்த நீர்ச்செடிகளுக்குள் போடுவதற்கு, மூக்கு கூர்ந்து, நரம்பு கட்டும் கண்ணி அந்த மூக்கின் நுனியிலேயே அமைந்த தலை வேண்டும். முறிந்த மரங்களும் கிளைகளும் கிடக்கும் இடத்துக்கு, ஆர்க்கி எனப்படும் அகன்ற, சற்றுத் தட்டையான தலை பொருந்தும். ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால் அதையே வாங்குங்கள், ஓரளவுக்கு எல்லா இடத்திலும் ஒப்பேறும். எடையில் அரை அவுன்ஸ், அதாவது 14 கிராம், பொதுவாகப் போதும். ஆழம் குறைந்த இடத்துக்கு 10 கிராம் அளவிலும், ஆழமோ காற்றோ செடியோ மிகுந்த இடத்துக்கு 21 கிராம் அளவிலும் வைத்துக்கொள்ளலாம். ஜிக் தரைக்கு இறங்கும்போதே பாஸ் அதைக் கவ்விவிடுவது வழக்கம் என்பதால், தக்கை அமிழ்வதைப் பார்த்துப் பழகிய தங்கள் கண், இனி நரம்பு பக்கவாட்டில் நகர்கிறதா, தரை தொடுமுன் தளர்ந்து நிற்கிறதா என்பதைப் பார்க்கப் பழக வேண்டும்.

இனி நிறம். தெளிந்த நீரில் கிரீன் பம்ப்கின் எனப்படும் மங்கிய பச்சை கலந்த பழுப்பு அல்லது வெறும் பழுப்பு. கலங்கிய நீரிலும் இரவிலும் கறுப்பு. சிறுமீன்களைத் துரத்தும் பாஸுக்கு, நடுநீரில் சீராக இழுத்துவரும் நீச்சல் ஜிக்கில் வெள்ளை. இம்மூன்றுக்கு மேல் வாங்குவது கடைக்காரருக்குச் செய்யும் உதவி என்பது என் கருத்து.

மகன் வீடு டாலஸ் பக்கமென்றால், கிழக்கே உள்ள லேக் ஃபோர்க் ஏரிக்குத் தாங்கள் போகக்கூடும். அங்கே 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள லார்ஜ்மவுத் (பெருவாய்) வகைப் பாஸை நீரிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. வெளியிலிருந்து வருபவர் மீன்பிடி உரிமமும் எடுக்க வேண்டும்.

கேள்வி: கறுப்பும் நீலமும் கலந்த ஜிக்கைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். மீனுக்கு அந்த நீலம் தெரியுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பெரும்பாலும் தெரியாது. லார்ஜ்மவுத் பாஸின் விழித்திரையில் நிறம் காணும் கூம்புச் செல்கள் இரண்டு வகைதான். ஒன்று பச்சையையும் மற்றொன்று சிவப்பையும் ஒட்டிய ஒளிக்கு உரியவை. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குறிப்பிட்ட ஒரு நிறத்தை நாடிப்போனால் தீனி கிடைக்கும் என்று இம்மீன்களைப் பழக்கிச் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் பழகிய மீன்கள் அவற்றை நன்றாகவே பிரித்தறிந்தன. ஆனால் நீலத்தைக் கறுப்போடும், சார்ட்ரூஸ் என்னும் பளிச்சிடும் பச்சைமஞ்சளை வெள்ளையோடும் குழப்பிக்கொண்டன. மேலும், மக்கிய இலைச்சாறு கலந்து பழுப்பேறிய நீரில் ஒளியின் நீலப் பகுதிதான் முதலில் உறிஞ்சப்படுகிறது. ஆகவே கறுப்பு–நீலம் மீனைப் பிடிப்பது உண்மை. பிடித்துத் தருவது கறுப்பின் அழுத்தமான நிழலுருவம். நீலம் நம் கண்ணுக்காக.

கேள்வி: நம் குளத்து விராலுக்கு ஜிக் போடலாமா?
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: போடலாம், ஆனால் முதலில் எடுக்க வேண்டிய இரை அதுவன்று. பாஸ் அமெரிக்க மீன். நம் விரால் அதற்கு உறவில்லை, பழக்கமும் வேறு. விரால் காற்றைச் சுவாசிக்க அடிக்கடி மேலே வரும். அல்லி இலைகளுக்கும் ஆகாயத்தாமரைக்கும் இடையே மேற்பரப்பில் தத்தும் தவளையைப் பாய்ந்து கவ்வும். அதற்கு மிதக்கும் ரப்பர் தவளையே ஏற்றது. கோடையில் குளம் வற்றி, செடி ஒதுங்கி, மடையருகே ஆழமான பள்ளம் மட்டும் மிஞ்சும்போது கூர்மூக்கு ஜிக்கை அங்கே மெல்லத் தத்தவிட்டுப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் கரைந்து வந்த நீரென்றால் கறுப்பு; மாசிக்கு மேல் தெளிந்த நீரென்றால் பழுப்பு. குஞ்சுக் கூட்டத்தோடு சுற்றும் தாய் விராலின்மேல் எந்த இரையையும் போடாதீர்கள். அதைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்குத் தீனியாகிவிடும். குளத்து மீனுக்குக் குத்தகைதாரர் இருந்தால் அவரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் தூண்டிலை எடுத்துச் செல்லவே வேண்டாம்.

கேள்வி: ஜிக்கின் தலைக்கு ஈயமா, டங்ஸ்டன் உலோகமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: டங்ஸ்டனின் அடர்த்தி ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். எனவே அதே எடையில் தலை சிறிதாக இருக்கும். கடினமானது என்பதால் கல்லில் தட்டுவதும் கையில் தெளிவாகத் தெரியும். விலைதான் கூடுதல். பழகும் காலத்தில் பாதி ஜிக்குகள் மரவேரில் மாட்டித் தொலையும் என்பதால், அதுவரை ஈயம் போதும்.