போட் ரூல்ஸ் எல்லாம் மாறிடுச்சாமே? கேள்வி பதில்

சம்மர் வந்தாலே நம்ம ஆளுங்க அமெரிக்காவுல போட் வாங்க ஆரம்பிச்சிடறாங்க, வாங்கின மறுநாள் "ரூல் மாறிடுச்சாமே"ன்னு எனக்கு மெசேஜ். அதான் மொத்தமா இங்க வச்சுக்கலாம். மிச்சிகன்ல செயின்ட் கிளேர் ஏரியில பல வருஷமா ஒரு 19 அடி போட் ஓட்டறேன். கோஸ்ட் கார்டு ஆளு கிடையாது, வக்கீலும் கிடையாது. மீன் எங்க கிடைக்கும்னு மட்டும் கேக்காதீங்க, என் தூண்டில்ல மாட்டினதெல்லாம் பாசிதான்.

அண்ணா, கில் ஸ்விட்ச் கயிறு மாட்டலேன்னா ஃபைனாமே, நிஜமா? (டெட்ராய்ட்)

நிஜம்தான் தம்பி. ஓட்டறவர் விழுந்தா கயிறு இழுபட்டு இன்ஜினை நிறுத்தற ஸ்விட்ச் அது. 2021 ஏப்ரல் 1ல இருந்து ஃபெடரல் சட்டம். போட் 26 அடிக்கு கம்மி, இன்ஜின் 3 குதிரைசக்தி இல்ல அதுக்கு மேல, போட்ல ஸ்விட்ச் இருக்குன்னா ஓட்டறவர் அந்தக் கயிறை உடம்புல மாட்டியிருக்கணும். எப்போன்னா வேகம் எடுத்து போட் தண்ணி மேல வழுக்கிட்டு ஓடுதே அப்போ. டாக்ல நிறுத்தறப்போ, மெதுவா மீன் பிடிச்சிட்டே நகர்றப்போ வேணாம். ஸ்டியரிங் மூடின கேபினுக்குள்ள இருந்தாலும் வேணாம். பழைய போட், ஸ்விட்சே வரலேன்னா புதுசா பொருத்தச் சொல்லி கட்டாயம் இல்ல. ஃபைன் முதல் தடவை 100 டாலர் வரைக்கும், அப்புறம் 250, அப்புறம் 500.

ஃபைனை விடுங்க. ஓட்டறவன் தண்ணியில விழுந்தா போட் அப்படியே நேரா போயிடும்னு நினைக்கிறோம், போகாது, ப்ரொப்பெல்லர் சுத்தற விசையில ஸ்டியரிங் ஒரு பக்கமா திரும்பிக்கும், போட் வட்டமடிச்சு விழுந்தவன் மேலயே திரும்ப வரும். ஒரு தடவை சரக்குக் கப்பல் போன அலையில எனக்கு சீட்டு பாதி காலியாயிடுச்சு, கை மட்டும்தான் ஸ்டியரிங்ல. அன்னைக்கு என் கயிறு எங்க இருந்துச்சு தெரியுமா, டேஷ்போர்டு டப்பாவுக்குள்ள. அப்புறம் மறந்ததே இல்ல.

நியூயார்க்ல லைசென்ஸ் இல்லாம ஓட்டலாமா? (குயின்ஸ்)

2025 ஜனவரி 1ல இருந்து அங்க மோட்டார் போட் ஓட்டற எல்லாருக்கும், வயசு எதுவா இருந்தாலும், போட்டிங் சேஃப்டி சர்டிபிகேட் வேணும். கலிஃபோர்னியாவும் அதே தேதியில முழுசா வந்துடுச்சு. எங்க மிச்சிகன்ல 1996 ஜூன் 30க்கு அப்புறம் பிறந்தவங்களுக்குத்தான். இது ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், அடுத்து ஓஹையோ, டெக்சாஸ்னு ஒவ்வொண்ணா கேக்காதீங்க, உங்க ஸ்டேட் சைட்ல போய் பாருங்க.

ஃபயர் எக்ஸ்டிங்விஷர் முள்ளு பச்சையிலதான் நிக்குது, அப்புறமும் மாத்தணுமா? (அட்லாண்டா)

பாட்டிலைத் திருப்பி தேதியைப் பாருங்க சார். ரீஃபில் பண்ண முடியாத டைப்பா இருந்தா, தயாரிச்ச தேதியில இருந்து 12 வருஷம்தான் ஆயுசு, முள்ளு பச்சையில நின்னாலும் கணக்குல வராது. 2022 ஏப்ரல் 20ல இருந்து இந்த ரூல். போட் 2018 மாடல் இல்ல அதுக்கு அப்புறம்னா அணைக்கற திறனைக் காட்டற பழைய பி-1 லேபிள் செல்லாது, 5-பி, 10-பி, 20-பின்னு போட்டதுதான் வேணும்.

ஜெட் ஸ்கீக்கும் கில் ஸ்விட்ச் உண்டா? (டாலஸ்)

உண்டு. மணிக்கட்டுல இல்ல லைஃப் ஜாக்கெட்ல மாட்டிக்கோங்க.

எங்க சித்தப்பா சென்னை துறைமுகத்துல டக் போட்ல (கப்பலை இழுக்கற படகு) இருந்தவர். உள்ள வரும்போது சிவப்பு போயா, அதான் வழி காட்டற மிதவை, இடது கைப்பக்கம்னு சின்ன வயசுல சொல்லிக் குடுத்தார். இங்க எல்லாரும் வலதுங்கறாங்க. யார் சொல்றது தப்பு? (சான் டியேகோ)

ரெண்டு பேரும் கரெக்ட் மேடம், இன்னைக்கு வந்ததுலயே நல்ல கேள்வி இது. மிதவைக்கு உலகத்துல ரெண்டு மண்டலம் இருக்கு. இந்தியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் ஏ மண்டலம், கடல்ல இருந்து துறைமுகத்துக்குள்ள வரும்போது சிவப்பு இடப்பக்கம். வட தென் அமெரிக்கா, ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் மட்டும் பி மண்டலம், சிவப்பு வலப்பக்கம். இங்க முன்னாடி இன்னொரு பக்கத்துக்கு கறுப்பு மிதவை இருந்துச்சு, 1980கள்லதான் பச்சையா மாத்தினாங்க, அதனால ரொம்பப் பழைய மேப் கையில வச்சிருக்கறவங்க கறுப்பைத் தேடிட்டு இருக்காதீங்க. ஆனா ஒண்ணு, போட்ல எரியற விளக்கு உலகம் பூரா ஒண்ணுதான், இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. சித்தப்பா சொன்னதை அங்க போனா மறந்துடாதீங்க.

பேப்பர் சார்ட்டை நிறுத்திட்டாங்களா? (சிகாகோ)

ஆமா. நீர்வழி மேப் போடற அமெரிக்க அரசு அமைப்பு நோவா 2019ல அறிவிச்சு, அஞ்சு வருஷத்துல படிப்படியா நிறுத்திட்டாங்க. இப்போ எலக்ட்ரானிக் சார்ட்தான். கையில பேப்பர் வேணும்னா அவங்க கஸ்டம் சார்ட் ஆப்ல வேண்டிய இடத்தை வெட்டி பிரிண்ட் எடுத்துக்கலாம். நான் எடுத்து வச்சிருக்கேன், ஃபோன் தண்ணியில விழும்.

கில் ஸ்விட்ச் ரூல் ஏரிக்குமா கடலுக்கு மட்டுமா?

முதல் பதிலைப் படிச்சிட்டு வாங்க. ஃபெடரல் கட்டுப்பாட்டுல இருக்கற நீர்வழி எல்லாத்துக்கும், கிரேட் லேக்ஸும் சேர்த்து. முழுக்க ஸ்டேட்டுக்குள்ள இருக்கற சின்ன ஏரின்னா ஸ்டேட் ரூல்.

பாய்மரப் படகுக்கு எப்பவும் ரைட் ஆஃப் வே உண்டு, மோட்டார் போட்தான் ஒதுங்கணும். இதையும் கொஞ்சம் எழுதுங்க. (அனாபொலிஸ்)

கேள்வியா உத்தரவா தெரியல, இருந்தாலும் எழுதறேன். "எப்பவும்" கிடையாது. பாய்மரம் பின்னாடி இருந்து மோட்டார் போட்டை முந்தினா பாய்மரம்தான் ஒதுங்கணும், படகுகள் மோதாம இருக்கறதுக்கான போக்குவரத்து விதிகள்ல 13வது விதி. குறுகலான சேனல்ல, அதுக்குள்ள மட்டுமே போக முடிஞ்ச பெரிய கப்பலுக்கு குறுக்கே பாய்மரமும் வரக்கூடாது, 20 மீட்டருக்கு கம்மியான எந்த போட்டும் வரக்கூடாது, 9வது விதி. இன்னொண்ணு, பாய் விரிச்சிருக்கு ஆனா இன்ஜினும் போட்டை ஓட்டுதுன்னா சட்டப்படி அது மோட்டார் போட்.

நாங்க படிச்ச கோர்ஸ்ல பாய்மரத்துக்குத்தான் முன்னுரிமைன்னு சொன்னாங்களே. (அவரே)

எந்த வகை போட் எதுக்கு ஒதுங்கணும்னு சொல்ற 18வது விதியை மட்டும் சொல்லியிருப்பாங்க. அந்த விதி ஆரம்பிக்கறதே 9, 10, 13ல வேற மாதிரி சொல்லியிருந்தா அது போகன்னுதான்.

நான் கயாக்காரன். கையால துடுப்பு போடறவனுக்குத்தான் முதல் உரிமை, இன்ஜின் வச்சிருக்கறவங்க எங்களை மதிக்கறதே இல்ல!! (சியாட்டில்)

கோவம் புரியுது, ஆனா 18வது விதியில துடுப்புப் படகு பேரே இல்ல, தேடிப் பாருங்க. சில ஸ்டேட் தனியா சலுகை குடுத்திருக்கு, அது வேற. யாரு ஒதுங்கணும்னு தெளிவா எழுதாத இடத்துல கண்ணைத் திறந்து பாக்கறதும் பாதுகாப்பான வேகமும்தான் ரெண்டு பேருக்கும் விதி. ராத்திரி கயாக்ல ஒரு டார்ச்சாவது கையில இருக்கணும், மோதறதுக்கு முன்னாடியே காட்டணும்.

அப்போ நான் ட்ரோலிங் பண்ணிட்டு இருக்கேன், மீன்பிடி படகுக்கு எல்லாரும் ஒதுங்கணும்ல? (கிளீவ்லேண்ட்)

இல்ல. பின்னாடி தூண்டில் இழுத்துட்டுப் போறது விதியில "மீன்பிடி"யே கிடையாது, நீங்க சாதா மோட்டார் போட்.

அப்போ யாருக்குத்தான்யா ரைட் ஆஃப் வே? (சியாட்டில், திரும்பவும்)

அய்யா, அந்த வார்த்தையை நாம எல்லாரும் ரோட்டுல இருந்து தூக்கிட்டு வந்துட்டோம். தண்ணியில ஒருத்தர் வழி விடணும், இன்னொருத்தர் திசையும் வேகமும் மாத்தாம போகணும். வழி விடவேண்டியவர் விடலேன்னா மத்தவரும் சும்மா நேரா போய் மோதக்கூடாது, தப்பிச்சுக்க வேண்டியது அவரோட கடமையும்தான். உரிமைன்னு சொல்லிட்டு மோதினா ரெண்டு பேருமே பதில் சொல்லணும். உள்நாட்டு விதியில ரைட் ஆஃப் வேன்னு பச்சையா எழுதின ஒரு இடம் இருக்கு, அது எங்க ஊர்ப் பக்கம்தான்: கிரேட் லேக்ஸ், "மேற்கு நதிகள்"னு விதியில சொல்ற மிசிசிப்பியும் அதோட கிளைகளும், இங்கெல்லாம் குறுகலான சேனல்ல, நீரோட்டத்தோட கீழே வர்ற மோட்டார் கப்பலுக்கு மேலே ஏறி வர்ற கப்பல் வழி விடணும். காரணம் சிம்பிள், நீரோட்டம் பின்னாடி தள்ளும்போது பிரேக் போட முடியாது. செயின்ட் கிளேர் நதியில ஆயிரம் அடி கப்பல் கீழே வர்றதை ஒரு தடவை பாருங்க, அதோட மூக்குக்கு முன்னாடி ரொம்ப தூரத்துக்கு அவங்களுக்கு உங்க போட் கண்ணுலயே படாது. ஹார்ன் அஞ்சு தடவை சின்னதா அடிச்சா ஹலோ சொல்றாங்கன்னு கையாட்டாதீங்க, ஆபத்துன்னு அர்த்தம். ஒருத்தர் நிஜமாவே கையாட்டினார், நான் பக்கத்துல இருந்தேன்.

இந்தச் சண்டையை இதோட நிறுத்திக்கலாம். அனாபொலிஸ்காரர் மூணாவது மெசேஜ் போட்டிருக்கார், படிச்சேன், பதில் அதேதான்.

கில் ஸ்விட்ச்...

மேல.

அம்மா அப்பா ஊர்ல இருந்து வந்திருக்காங்க. அப்பா "நான் காவேரியில நீஞ்சினவன்"னு லைஃப் ஜாக்கெட் போட மாட்டேங்கறார். கட்டாயமா? (ஷார்லட்)

போட்ல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் அளவான ஜாக்கெட் ஒண்ணு இருக்கணும், அது கட்டாயம். பெரியவங்க போட்டே ஆகணும்னு ஃபெடரல் விதி இல்ல. 13 வயசுக்குக் கீழே இருந்தா, போட் ஓடும்போது மேல்தளத்துல போட்டே ஆகணும், ஸ்டேட் வேற சொன்னா ஸ்டேட் விதி. அப்பா கிட்ட இதைச் சொல்லுங்க: 2023ல இங்க போட் விபத்துல 564 பேர் செத்தாங்க, காரணம் தெரிஞ்சதுல முக்கால்வாசி தண்ணியில மூழ்கி, அப்படி மூழ்கினவங்கள்ல 87 சதவீதம் ஜாக்கெட் போடல. நீச்சல் தெரிஞ்சவரும் மண்டையில அடிபட்டு விழுந்தா நீந்த முடியாது, இங்க தண்ணி ஜூன்ல கூட ஐஸ் மாதிரி இருக்கற இடம் உண்டு. அம்மா புடவை மேலயே போடலாம், பக்கிள் எல்லாத்தையும் மாட்டுங்க, ஃபோட்டோ எடுத்ததும் கழட்டிடாதீங்க.

அண்ணா, முதல் கேள்வி கேட்டவன்தான். கயிறு எது வாங்கறது?

இதை யாரும் கேக்கலையேன்னு பார்த்தேன். இன்ஜின் பிராண்டு பார்த்து வாங்குங்க, கிளிப் ஒவ்வொண்ணுக்கும் வேற. ரெண்டு வாங்குங்க தம்பி. ஒண்ணு உங்க உடம்புல, இன்னொண்ணு போட்ல மத்தவங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல. நீங்க கயிறோட விழுந்துட்டா, கிளிப்பும் உங்களோட தண்ணியில போயிடும், இன்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணி உங்களை வந்து தூக்க அவங்களுக்கு அந்த ரெண்டாவது கிளிப் வேணும்.