மசாய் மாரா பேக்கேஜ்: விலையில் சேராத கட்டணம்

கேள்வி: காலாண்டு விடுமுறையில், செப்டம்பர் கடைசி வாரம், நானும் மனைவியும் 10 வயது மகளும் கென்யா செல்ல இருக்கிறோம். மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் 3 இரவு, பிறகு டயானி கடற்கரையில் 4 இரவு. இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டோம். ஒன்று மற்றதைவிட மொத்தத்தில் 1,100 டாலர் குறைவு. அதற்கே முன்பணம் கட்டிவிடலாமா?

பதில்: இப்போது கட்டாதீர்கள். முதலில் இரண்டு விலைப்பட்டியல்களிலும் ‘இதில் அடங்காதவை’ என்ற பகுதியைப் படியுங்கள். மாராவின் நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டுப் பெரியவருக்கு நாளொன்றுக்கு 200 டாலர், 9 முதல் 17 வயது வரை 50 டாலர். உங்கள் மூவருக்கும் ஒரு நாளைக்கு 450. மூன்று நாளைக்கு 1,350. மலிவான பட்டியலில் இது சேராமல், மற்றதில் சேர்ந்திருந்தால், உண்மையில் அதுதான் 250 டாலர் கூடுதல்!

இன்னொன்று: அந்த டிக்கெட் 24 மணி நேரத்துக்கு அல்ல, காலை 6 முதல் மாலை 6 வரைதான். உள்ளே தங்குபவர்கள் கடைசி நாள் காலை 10 மணிக்குள் வெளியேறாவிட்டால் மறுபடியும் பணம் கட்ட வேண்டும். எனவே எத்தனை நாள் டிக்கெட் சேர்ந்திருக்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

வண்டியையும் கேளுங்கள். மாராவில் பல இடங்களில் கரிசல் மண். ஒரு மழை பெய்தால் மினிவேன் சேற்றில் சிக்கி நிற்கும். நான்கு சக்கர இழுவையுள்ள லேண்ட் குரூசருக்குக் கூடுதலாகக் கேட்டால் கொடுக்கலாம், தகும்.

மாராவிலிருந்து டயானிக்கு எப்படி அழைத்துப்போகிறார்கள்? சாலை வழியே நைரோபி, அங்கிருந்து மொம்பாசாவுக்கு ரயில், மறுபடியும் கார் என்றால் குழந்தையோடு ஏறக்குறைய இரண்டு நாள் பயணத்திலேயே போய்விடும். சிறிய விமானத்தில் டயானியை ஒட்டிய உகுண்டாவுக்கே போய் இறங்கலாம். ஆனால் அதில் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும். கெட்டியான சூட்கேஸ் ஏறாது.

உண்மையிலேயே மிச்சம் பிடிக்க வேண்டுமானால் தேதியை மாற்றுங்கள். வில்டபீஸ்ட் எனப்படும், மாட்டைப் போன்ற மான்கள் கூட்டமாக ஆற்றைக் கடப்பதைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் செப்டம்பர் சரி. சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி போதும் என்றால் பொங்கல் விடுமுறையில் போகலாம். ஜனவரி முதல் ஜூன் வரை பெரியவர் கட்டணம் 100 டாலர்தான். மூன்று நாளில் 600 டாலர் மிச்சம். நம் கோடை விடுமுறை மட்டும் வேண்டாம். ஏப்ரல், மே அங்கே பெருமழைக் காலம்.

இன்னொருவர் கேள்வி: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை நைரோபியில் கேட்கமாட்டார்கள் என்கிறார் ஏஜென்ட். விட்டுவிடலாமா? உடன் வரும் அம்மாவுக்கு 64 வயது.

பதில்: இந்தியாவிலிருந்து நேரே போகிறவர்களிடம் அங்கே கேட்காமல் போகலாம். சிக்கல் திரும்பி வரும்போதுதான். சான்றிதழ் இல்லாவிட்டால் நம் விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்த இடமுண்டு. ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். ஒரு முறை போட்டால் ஆயுள் முழுவதும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 60 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியில் ஆபத்து சற்று அதிகம். ஆகவே விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்று கேட்டுவிடுங்கள்.