15 மாதம் ஆகியும் நடக்கவில்லை. கோடைப் பயணத்தை ஒத்திப்போடலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு இரண்டு குழந்தைகள். மகளுக்கு 4 வயது, மகனுக்கு 15 மாதம். மகன் இன்னும் நடக்கவில்லை. தவழவும் இல்லை. உட்கார்ந்தபடியே ஒரு கையை ஊன்றி, சர்ரென்று நகர்ந்து வீடு முழுக்கச் சுற்றுகிறான். அவனைவிட ஒரு மாதம் இளையவளான என் தங்கை மகள் ஓடவே ஆரம்பித்துவிட்டாள். "அவன் அப்பாவும் இப்படித்தான் நகர்ந்தான், விடு" என்கிறார் என் மாமியார். வாக்கர் ஒன்று பரிசாக வந்திருக்கிறது, போடலாமா? இந்த விடுமுறையில் காரில் 10 நாள் பயணம் போவதாக இருக்கிறோம். தங்கப்போகும் வீட்டில் நீச்சல் குளம் உண்டு. மகளுக்குக் கையில் மாட்டும் மிதவை வாங்கிவிட்டோம், அதனால் அவளைப் பற்றிக் கவலையில்லை. சின்னவன் நடக்கட்டும், பிறகு போகலாம் என்று தோன்றுகிறது. மகள் இன்னும் சில ராத்திரிகளில் படுக்கையை நனைக்கிறாள். போகிற இடத்தில் தொந்தரவில்லாமல் இருக்க மருந்து உண்டா? சொல்ல மறந்துவிட்டேன், சின்னவன் 35 வாரத்திலேயே பிறந்தவன்.
(பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்)

மருத்துவர் பதில்: ஒத்திப்போட வேண்டாம். தாராளமாகப் போய் வாருங்கள்.

உங்கள் கடிதம் நீளமானது, மேலே சுருக்கித்தான் தந்திருக்கிறேன். சின்னவனின் நடையைப் பற்றி அதில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. நீச்சல் குளத்தைப் பற்றி ஒரே வரி, அதுவும் "கவலையில்லை" என்ற வரி. எனக்குக் கவலை அந்த ஒரு வரியில்தான். ஆனால் நடைக்குப் பதில் சொல்லாமல் நேராகக் குளத்துக்குப் போனால் நீங்கள் காதில் வாங்க மாட்டீர்கள் என்பது அனுபவத்தில் தெரியும். அதனால் நடையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

குழந்தை எப்போது நடக்க வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் ஒரு வயதில் என்பார்கள். ஒரு வயது என்பது நீளமான ஒரு கோட்டின் நடுப்பகுதி, அவ்வளவுதான். கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. எதையும் பிடிக்காமல் தானாக நடக்கத் தொடங்கும் வயது அதன்படி ஏறத்தாழ 8 மாதத்தில் ஆரம்பித்துப் பதினேழரை மாதம் வரை போகிறது. அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேர் முட்டிபோட்டுத் தவழவே இல்லை. தவழாத குழந்தை நடக்காது என்று யாராவது பயமுறுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்து, நீங்கள் சொல்ல மறந்து கடைசியில் சேர்த்த வரி. அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். 35 வாரத்தில் பிறந்த குழந்தை 5 வாரம் முன்கூட்டியே வந்துவிட்டது. வளர்ச்சியைப் பார்க்கும்போது, 2 வயது வரை அந்த 5 வாரத்தைக் கழித்துத்தான் நாங்கள் கணக்கிடுவோம். அப்படிப் பார்த்தால் அவனுக்கு இன்னும் 14 மாதம்கூட நிறையவில்லை. உங்கள் தங்கை மகள் நிறைமாதத்தில் பிறந்திருந்தால் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது! ஒரு மாதம் இளையவள் முந்திவிட்டாள் என்று இத்தனை நாள் மனசைப் போட்டு உழப்பியிருக்கிறீர்கள்.

மூன்றாவது, அவன் நகரும் விதம். இதை என் அறையில் அடிக்கடி பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். ஒரு காலை மடித்து, மற்றதை நீட்டி, ஒரு கையைத் துடுப்புப் போலத் தள்ளிக்கொண்டு வரும் குழந்தைகள் இவர்கள். தவழ்கிற குழந்தை போக இரண்டு கையும் வேண்டும். இவர்களுக்கு ஒரு கை எப்போதும் காலி, அதில் ஒரு பொம்மையையும் சுமந்துகொண்டு வருவார்கள். இத்தனை வசதி இருக்கும்போது எழுந்து நிற்க அவசரம் எதற்கு? இப்படி நகரும் குழந்தைகள் பொதுவாகவே தாமதமாக நடப்பார்கள், சிலர் 2 வயதை நெருங்கித்தான் நடப்பார்கள். பல குடும்பங்களில் அப்பாவோ அம்மாவோ இதே மாதிரி நகர்ந்திருப்பார்கள். உங்கள் மாமியார் சொன்னது ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை என்று நினைத்துவிட்டீர்கள். எனக்கு அது உருப்படியான தகவல்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். அக்குளில் பிடித்துத் தூக்கி, மெதுவாகத் தரையை நோக்கி இறக்குங்கள். இந்த வகைக் குழந்தைகளில் பலர் பாதத்தைத் தரையில் ஊன்றாமல், காற்றில் நாற்காலி இருப்பதுபோல இரண்டு காலையும் முன்னால் நீட்டி உட்கார்ந்துவிடுவார்கள். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். நான் கவனிக்கச் சொல்வது வேறு. எதையாவது பிடித்து எழுந்து நிற்கிறானா? கையை நீட்டிக் கேட்டதைத் தருகிறானா, பெயர் சொன்னால் திரும்புகிறானா? இரண்டு கையையும் ஒரே மாதிரி பயன்படுத்துகிறானா? காலைப் பிடித்தால் விறைப்பாகவோ துணிபோலத் தொய்ந்தோ இருக்கிறதா? எப்போதும் நுனிக்காலிலேயே நிற்கிறானா, டயப்பர் மாற்றும்போது ஒரு தொடை மற்றதைப்போல விரியாமல் இருக்கிறதா? முன்பு செய்த எதையாவது இப்போது செய்யாமல் விட்டுவிட்டானா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் காத்திருக்கவே கூடாது, இந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும்.

மற்றபடி உங்கள் குழந்தை மருத்துவரிடம் பயணத்துக்கு முன் ஒரு முறை காட்டிவிடுங்கள். பிறந்த தேதிப்படி 18 மாதம் ஆகியும் நடை வரவில்லை என்றால், குறைமாதம், அப்பாவைப்போல என்ற காரணங்களையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு முழுமையாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டு, வைட்டமின் டி, ஆண் குழந்தை என்பதால் தசை நோயைக் கண்டறியும் சிகே என்ற ரத்தப் பரிசோதனை, இவற்றை அவரே பார்ப்பார். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால் சீக்கிரம் தெரிவது நல்லது.

வாக்கர் வேண்டாம். யார் மனம் கோணினாலும் சரி, பரணில் போடுங்கள். கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. அதில் உட்காரும் குழந்தை நடக்கப் பழகுவதில்லை, விரல் நுனியால் உந்தித் தள்ளப் பழகுகிறது, தன் காலைத் தானே பார்க்கவும் முடிவதில்லை. ஒரு நொடியில் ஒரு மீட்டர் ஓடிவிடும். படிக்கட்டோ அடுப்போ பக்கத்தில் இருந்தால் உங்கள் கை போய்ச் சேராது.

நடைக்கு உதவுவது நீங்கள் ஒத்திப்போட நினைக்கும் அந்தப் பயணம்தான். வீட்டின் வழுவழுப்பான தரையில் உட்கார்ந்து நகர்வது சுகம். மணலிலும் புல்லிலும் அந்த வித்தை பலிக்காது, இழுத்தால் மாட்டிக்கொள்ளும். அப்போது வேறு வழி தேடுவான். செருப்பு, ஷூ எதுவும் வேண்டாம், வெறுங்கால் போதும். தரை சுடுகிறதா என்று மட்டும் முதலில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். 5 நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அவன் பாதத்துக்கும் அது ஆகாது. என் மூத்த மகள் முதல் அடி வைத்தது இப்படி ஒரு வெளியூர்ப் பயணத்தில்தான், நான் எங்கோ போனில் பேசிக்கொண்டிருந்தபோது. இரண்டாவது அடியைத்தான் பார்த்தேன். முதல் அடியை வீடியோ எடுக்கவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அது வரும்போது யாருடைய போனும் கையில் இருக்காது.

பயணத்தில் வெயில்தான் எதிரி. நிறுத்திய காருக்குள் வெப்பம் 10 நிமிடத்தில் சுமார் 11 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. தூங்குகிறானே என்று ஒரு நிமிடம்கூட விட்டுவிட்டு இறங்காதீர்கள். தள்ளுவண்டியில் வெயில் படாமலிருக்க மேலே துணி போர்த்துகிறார்கள். உள்ளே காற்று அடைத்துச் சூடேறும், குழந்தையும் கண்ணில் படாது. காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை நிழலில் இருங்கள். சன்ஸ்க்ரீன் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல் வாங்கி, 2 மணி நேரத்துக்கு ஒரு முறையும் தண்ணீரிலிருந்து வந்ததும் திரும்பத் தடவுங்கள். சின்னவனுக்குக் கார் சீட் பின்பக்கம் பார்த்தபடியே இருக்கட்டும். பெரியவளுக்குக் குமட்டினால் கையிலிருக்கும் போனை வாங்கி வைத்துவிட்டு தூரத்தில் இருப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள், பாதி குறையும்.

ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்கில் இழக்கும் நீரை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் நான்கைந்து எடுத்துச் செல்லுங்கள். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். அரைப் பொட்டலம், கண்ணளவு என்ற வேலையெல்லாம் ஆகாது. வயிற்றுப்போக்கு வந்தால் ஒவ்வொரு முறைக்கும் பிறகு சின்னவனுக்கு 50 முதல் 100 மில்லி, பெரியவளுக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாக. 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எழுப்பினால் மந்தமாக இருக்கிறது, மலத்தில் ரத்தம் என்றால் அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

படுக்கை நனைவதற்கு மருந்து வேண்டாம். 4 வயதில் அது நோயே இல்லை. ஒரு ரப்பர் விரிப்பு, இரண்டு மாற்று உடை, திட்டாத பெற்றோர், இவ்வளவு போதும். பகலிலும் அடக்க முடியாமல் போனாலோ, எரிச்சல் என்றாலோ, வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் கேட்டுக் குடித்தாலோ பரிசோதிக்க வேண்டும்.

இனி குளம்.

பல வருடங்களுக்கு முன் உறவினர்கள் எல்லோரும் ஓரிடத்தில் கூடியிருந்தோம். குளத்தைச் சுற்றிப் பெரியவர்கள் ஏழு பேர், அதில் ஒருவன் குழந்தை மருத்துவனான நான். மூன்று வயதுப் பையன் ஒருவன் மேல்படியில் உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் குவளையில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். நான் யாரிடமோ பேசிவிட்டுத் திரும்பினால் குவளை மட்டும் மிதக்கிறது. அவன் இரண்டு படி கீழே நேராக நிற்கிறான், தலை பின்னால் சாய்ந்திருக்கிறது, வாய் தண்ணீர் மட்டத்துக்கு வருகிறது, மூழ்குகிறது, மறுபடி வருகிறது. கண் திறந்திருக்கிறது. ஒரு சத்தம் இல்லை, கை அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கை நீட்டும் தூரத்தில் அவன் அம்மா நின்றுகொண்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தாள். நான் அவள் பார்ப்பதாக நம்பியிருந்தேன். தூக்கியதும் இருமி, அழுதான், பிழைத்தான்.

குழந்தை தண்ணீரில் தத்தளித்தால் கத்தும், நமக்குக் கேட்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? அதனால்தான் மிதவை வாங்கிவிட்டோம், கவலையில்லை என்ற வரி என்னை உலுக்கியது. கையில் மாட்டும் காற்று மிதவை விளையாட்டுச் சாமான். நழுவும், காற்று இறங்கும். அதைவிட மோசம், தண்ணீரில் நிமிர்ந்து நின்றால் மிதக்கலாம் என்று பிள்ளைக்குச் சொல்லித் தருகிறது. அது இல்லாத ஒரு நாளிலும் அதே நம்பிக்கையில் இறங்கிவிடும். உடம்போடு இறுகப் பொருந்தும், எடைக்கேற்ற, தரச்சான்று பெற்ற லைஃப் ஜாக்கெட் போடுங்கள். போட்டாலும் பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள், கை தொடும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அந்த நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தண்ணீர்ப் பக்கம் போனால் ஒருவர் "இப்போது நான் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் கையில் போன் இருக்கக் கூடாது. 15 நிமிடம் கழித்து அடுத்தவர் "இனி நான்" என்று சொன்ன பிறகுதான் அவர் கண்ணை எடுக்கலாம். பிள்ளைகளே இதைக் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

குளிக்கும் நேரத்தைவிட ஆபத்தானது குளிக்காத நேரம். பெட்டியைப் பிரிக்கும்போது, எல்லோரும் குட்டித்தூக்கம் போடும்போது, சின்னவன் தன் பாணியில் சர்ரென்று நகர்ந்து வெளியே போய்விடுவான். நடக்காதவன்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். அந்த வயதில் தலை கனம். வாளித் தண்ணீரில் குப்புற விழுந்தால்கூடத் தானாக எழ முடியாது. குளியலறை வாளியைக் கவிழ்த்து வையுங்கள். கிளம்புமுன் நீங்களும் கணவரும் சிபிஆர் முதலுதவியை (மூச்சும் இதயத் துடிப்பும் நின்றவருக்கு மார்பை அமுக்கி, மூச்சு கொடுப்பது) நேரில் ஒருவரிடம் பழகிக்கொள்ளுங்கள். தண்ணீரிலிருந்து எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் வீண் வேலை. மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும்.

இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் அந்த வீட்டுக்காரருக்குப் போன் செய்யுங்கள். குளத்தின் நான்கு பக்கமும் வேலி உண்டா, அதன் கதவு தானாகச் சாத்திக்கொள்ளுமா, தாழ்ப்பாள் 4 வயதுப் பிள்ளைக்கு எட்டுமா என்று கேளுங்கள். இல்லை, எட்டும் என்று பதில் வந்தால் வேறு வீடு பாருங்கள்.