கலை மேலாண்மை படிக்கலாமா? கலை அமைப்புகளில் வேலைக்கு எப்படித் தயாராவது?

நடனம் கற்றிருக்கிறீர்கள், பட்டப்படிப்பு முடியப்போகிறது, கலையை விட்டு விலகாத வேலை வேண்டும், அதற்கு முதுகலையில் கலை மேலாண்மை சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிவரும். ஆனால் அந்த வேலையில் கலையோடு இருக்கும் நேரத்தைவிடக் கணக்கோடு இருக்கும் நேரம்தான் அதிகம். கணக்கு கொஞ்சமாவது பிடிக்க வேண்டும்.

படிக்கும்போது நான் ஒரு அரங்கில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். முதல் வாரமே ஒரு நாடகத்துக்கு பட்ஜெட் போடச் சொன்னார்கள். 300 இருக்கை, எல்லாம் விற்றுவிடும் என்று வரவில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலாளர் பென்சிலை எடுத்து 300-ஐ அடித்தார். “ஸ்பான்சர், பத்திரிகைக்காரர்கள், நடிகர்களின் வீட்டார், இவர்களெல்லாம் நின்றுகொண்டா பார்ப்பார்கள்?” என்று இலவச பாஸுக்காக 40 கழித்தார். மிச்சம் 260-இல் 60 சதவீதம்தான் விற்கும் என்று போட்டு, வந்த 156-ஐச் சுற்றி வட்டம் போட்டார். “இத்தனை பேர் வந்தால் எவ்வளவு துண்டு விழும், அதை யாரிடம் கேட்கப் போகிறோம்? அதை எழுதிக்கொண்டு வா.”

துண்டு விழுவதற்கு நிர்வாகம் மோசம் என்று அர்த்தமில்லை. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற பொருளாதார அறிஞர்கள் 1966-லேயே இதை விளக்கிவிட்டார்கள். தொழிற்சாலையில் புது இயந்திரம் வந்தால் அதே ஆள் கூடுதலாக உற்பத்தி செய்வார். நான்கு பேர் அரை மணி நேரம் வாசிக்க வேண்டிய இசைக்கு 200 வருடத்துக்கு முன்னாலும் நான்கு பேர், அரை மணி, இன்றும் அதேதான். சம்பளம் மட்டும் மற்ற துறைகளைப் பார்த்து ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் மானியம், நன்கொடை, ஸ்பான்சர் என்று அலைகிறோம். அதிலும் ஒரு சிக்கல்: பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடத்த வந்த பணத்தில் மின்கட்டணம் கட்ட முடியாது. எந்தப் பணம் எதற்கு என்று பிரித்து வைக்கத் தெரிந்தவரை எந்த அமைப்பும் எளிதில் விடாது.

அருங்காட்சியகம் வேறு உலகம். இரவல் வாங்கிய ஓவியம் வந்து இறங்கியதும் பெட்டியைத் திறந்துவிட மாட்டார்கள். உள்ளே இருப்பது அறையின் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் பழகட்டும் என்று பொதுவாக ஒரு நாள் அப்படியே விடுவார்கள். அப்புறம் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்து, விரிசல், சட்டத்தின் மூலையில் பெயர்ந்த சில்லு என்று எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். திருப்பி அனுப்பும்போது புதுக் கீறல் இருந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அந்தக் குறிப்பைத்தான். பொறுமையும் நுணுக்கமும் உள்ளவர்களுக்கு ஏற்ற வேலை. எனக்கு ஒத்துவரவில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தின் அழகான தலைப்புகளில் மயங்காதீர்கள். நிதியும் ஒப்பந்தச் சட்டமும் கட்டாயப் பாடமா, கற்பிப்பவர்களில் யாராவது ஒரு அமைப்பை நடத்தியிருக்கிறார்களா, இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். சம்பளமில்லாமல் ஆறு மாதம் உறை ஒட்டியது எனக்கு இன்னும் கசப்புதான். தொடக்கச் சம்பளமும் குறைவு, பல வேலைகள் தற்காலிக ஒப்பந்தம். இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்கள் நடனம் வீண் போகாது. சிமென்ட் தரையில் நேரடியாக ஆடவிட்டால் முழங்கால் என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியும்; அரங்கை முன்பதிவு செய்யும் பலருக்குத் தெரியாது. கலைஞரோடு ஒப்பந்தம் போடும்போது தரை, ஒத்திகை நேரம், உடை மாற்றும் அறை என்று நீங்கள் கேட்டு எழுதுபவை அவர்கள் விட்டுவிடுபவையாக இருக்கும்.

விண்ணப்பிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஆசிரியர் கடைசியாக நடத்திய நிகழ்ச்சியின் வரவு செலவுத் தாளை வாங்கி, ஒரு மாலை உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். எங்கே துண்டு விழுந்தது, யார் கைக்காசு போட்டார்கள் என்று தேடத் தோன்றினால் தாராளமாக விண்ணப்பியுங்கள்.