வீட்டில் கிடந்த பாம்புச் சட்டை கட்டுவிரியனுடையதா, வெள்ளிக்கோல் வரையனுடையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் கேட்டது சட்டையைப் பற்றி என்பதால்தான் விளக்கமாக எழுதுகிறேன். உயிருள்ள பாம்பென்றால் செதில் எண்ணப் போகாதீர்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

நிறத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். சட்டையில் வரி மங்கித்தான் தெரியும். நீளமும் உதவாது, கழலும்போது தோல் இழுபட்டுப் பாம்பைவிட நீண்டுவிடும்.

தலைப் பகுதியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கறுப்புத் தாளில் மெல்லிய பிரஷால் விரியுங்கள். வட்டக் கண்ணாடிச் சில்லுபோல இருப்பது கண்ணின் மேல் இருந்த மூடி. அதற்கும் மூக்குத் துளைக்கும் நடுவே லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளிக்கோல் வரையனுக்கு மூக்குச் செதில், அடுத்து லோரியல் எனப்படும் நடுச்செதில், பிறகு கண்ணை ஒட்டிய கண் முன் செதில் என்று வரிசை போகும். கட்டுவிரியனுக்கு லோரியல் கிடையாது; மூக்குச் செதிலும் கண் முன் செதிலும் நேராக ஒட்டியிருக்கும்.

பலரும் தவறுவது இங்கேதான். மூக்குச் செதில் துளையின் இருபுறமும் இரண்டாகப் பிரிந்திருக்கும். பின்பாதியை லோரியல் என்று எண்ணிவிட்டால், விஷமுள்ள கட்டுவிரியனை விஷமற்ற வரையன் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். துளையைத் தொடும் எதுவும் லோரியல் அல்ல. உறுதிப்படுத்த மேலுதட்டுச் செதில்களை எண்ணுங்கள்: கட்டுவிரியனுக்கு வழக்கமாக 7, கண்ணைத் தொடுபவை 3, 4; வரையனுக்கு வழக்கமாக 9, தொடுபவை 3, 4, 5.

"லோரியல் இல்லையென்றால் விஷப்பாம்பா?" என்று கேட்க வருபவர்களுக்கு: நான் அப்படிச் சொல்லவில்லை. இந்த இரண்டைப் பிரிக்க மட்டுமே இது. தலையில் பொடிச் செதில் இருந்தாலே கண்ணாடி விரியன் என்று மண்ணுளிப் பாம்பை அடிப்பதும் இப்படி அரைகுறையாகப் பிடித்துக்கொண்ட விதியால்தான்.

தலையை நசுக்கிவிட்டுப் படம் எடுத்து "இது என்ன பாம்பு?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் ஆற்றாமையாக இருக்கிறது. பார்க்க வேண்டிய இடமே கூழாகியிருக்கும். மருத்துவருக்குக் காட்டத்தான் அடித்தோம் என்பார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இங்கே ஒரே விஷமுறிவு மருந்துதான்; அறிகுறிகளைப் பார்த்தே சிகிச்சை தருகிறார்கள். பாம்பைத் தேடி அடிக்கும் நேரத்தில் ஆளை மருத்துவமனையில் சேர்த்துவிடலாம்.

தலை கிழிந்திருந்தால் முதுகின் நடுவரிசையைப் பாருங்கள். கட்டுவிரியனுக்கு அது பக்கத்துச் செதில்களைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். வாலின் அடிப்புறச் செதில்கள் அதற்கு ஒற்றை வரிசை; வரையனுக்கு இரட்டை வரிசை. கட்டுவிரியன் என்று உறுதியானால் இரவில் தரையில் படுக்காதீர்கள், கொசுவலை ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். இரண்டோடும் ஒத்துவராவிட்டால் அது வேறு பாம்பு. வால், முதுகு, தலையின் பக்கவாட்டு மூன்றையும் தனித்தனியாகப் படமெடுத்துப் போடுங்கள்.