பொருளாதார நெருக்கடியில் இணையத்தில் படம் வரைந்து பிழைக்க முடியுமா? விலையைக் குறைக்க வேண்டுமா?

பிழைக்க முடியும். விலையைக் குறைக்காதீர்கள்.

வேலை போய்விட்டது என்றும், ஓவியர் குழுக்களில் சேர்ந்து மற்றவர்களைவிட மலிவாக வரைந்து கொடுக்கலாமா என்று யோசிப்பதாகவும், செயற்கை நுண்ணறிவுப் படங்களை நினைத்துப் பயப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, கணினியில் படம் வரைந்து இணையத்தில் விற்கிறவன். இலங்கையின் 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் இந்தத் தொழில்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது. மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போய்விட்டது. டொலரில் சம்பாதிக்கிறவனுக்கு இது நல்ல காலம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். உங்கள் நாட்டில் 20 டொலர் இப்போது பெரிய தொகையாயிற்றே, 10 டொலருக்கு வரைந்து தரலாமே என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் கணினியோடு இணைத்து வரைகிற வரைபலகை, அதன் பேனா முனை, மடிக்கணினியின் பற்றரி எல்லாமே இறக்குமதிப் பொருட்கள். அவற்றின் விலையும் டொலரோடு சேர்ந்தே ஏறியது. ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. விலையைப் பாதியாக்கிய நண்பர்கள் இரண்டு மடங்கு வரைந்தார்கள். கண் எரிச்சலும் கைவலியும்தான் கூடின, வருமானம் கூடவில்லை.

அவர்களோடு அது நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருவர் விலையை இறக்கினால், வாங்க வருகிறவர் அதைப் படம்பிடித்து அடுத்த ஓவியரிடம் காட்டிப் பேரம் பேசுகிறார். சில வாரங்களில் குழு முழுவதும் அந்த விலைக்கு வந்துவிடுகிறது. வீட்டு வாடகையை வரைந்தே கட்டுகிற ஒருத்திதான் அதில் முதலில் விழுகிறாள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

குழுவில் வாங்குகிறவர்களைத் தேடாதீர்கள். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப்போல வரைகிறவர்கள். நம்மைப்போலவே கையில் காசில்லாதவர்கள். ஆனால் அவர்களால் வேறொன்று முடியும். 2022 மார்ச் 31 அன்று 13 மணிநேர மின்வெட்டு. அந்த மாதங்களில் நாட்டைப் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஆங்கில எழுத்து ஒன்றைப் பெயராக வைத்து, எந்தப் பிரிவுக்கு எந்த நேரம் வெட்டு என்று அட்டவணை வெளியிட்டார்கள். எங்கள் குழுவில் யார் எந்தப் பிரிவு என்று எழுதிவைத்தோம். எனக்கு மின்சாரம் போகும் நேரத்தில் மட்டக்களப்பு நண்பருக்கு இருக்கும். கோட்டுப்படத்தை அவருக்கு அனுப்புவேன், அவர் வண்ணம் தீட்டுவார், பணத்தைப் பங்கிட்டுக்கொள்வோம். வேறு கை பட்டிருக்கிறது என்பதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுவோம். சொன்ன நாளில் படம் போய்ச் சேர்ந்ததால்தான் அவர்கள் மறுபடி வந்தார்கள்.

அதே ஆண்டு ஏப்ரல் 3 அன்று அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. முகநூல், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் எதுவும் அரை நாளுக்கு மேல் திறக்கவில்லை. இன்ஸ்டகிராமிலேயே மொத்தத் தொழிலையும் வைத்திருந்தவர்களால் வாடிக்கையாளரிடம் காரணம்கூடச் சொல்ல முடியவில்லை. ஆகவே எல்லோருடைய மின்னஞ்சல் முகவரியையும் தனியாகக் குறித்துவையுங்கள். பணம் எந்த வழியில் வரும் என்பதையும் வேலையை ஏற்கும் முன்பே பேசிவிடுங்கள். வெளிநாட்டவருக்குப் பழகிய சில சேவைகள் சில நாடுகளில் பணம் அனுப்ப விடும், பெற விடாது. பாதித் தொகையை முன்பணமாக வாங்குங்கள்.

இனி, எதை வரைவது என்பது. எனக்குக் கைகொடுத்தவை வீடுகள். போரில் ஊரைவிட்டுப் போய் இலண்டனிலும் டொரொன்டோவிலும் வாழ்கிறவர்கள், இப்போது இல்லாத தங்கள் வீட்டை வரைந்து தரச் சொல்லிக் கேட்கிறார்கள். பலரிடம் புகைப்படமே இல்லை. கேற்றடியில் தேமா மரம், விறாந்தையில் சாய்மனைக் கதிரை, கிணற்றடியில் துணி துவைக்கிற கல், வேலியோரம் பூவரசு என்று குரல்பதிவில் சொல்வார்கள். முதல் கோட்டுப்படம் போனதும் வீட்டுக்குள் வாக்குவாதம் தொடங்கும். கிணறு வலப்பக்கம் என்பார் அண்ணா, இல்லை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் என்பார் அக்கா. அது தீரும்வரை நான் காத்திருந்து திருத்துவேன். நேரம் பிடிக்கிற வேலை இது. நான் கேட்ட விலையை அவர்கள் குறைக்கச் சொன்னதில்லை.

செயற்கை நுண்ணறிவுப் படங்களைப் பற்றிய உங்கள் பயத்துக்கும் இதையே சொல்வேன். சொற்களில் கேட்டால் படம் உருவாக்கித் தருகிற ஸ்டேபிள் டிஃபியூஷன் வெளிவந்ததும் அதே 2022 ஆகஸ்டில்தான். டிசம்பரில், ஓவியர்கள் தங்கள் படங்களைக் காட்சிக்கு வைக்கிற ஆர்ட்ஸ்டேஷன் தளத்தை அவர்களே எதிர்ப்புப் படங்களால் நிரப்பினார்கள்; எங்கள் படங்களைக் கேட்காமல் எடுத்து இத்தகைய மென்பொருள்களைப் பயிற்றுவித்தது அநியாயம் என்றே நானும் நினைக்கிறேன். முகப்புப் படம், கதைப்புத்தக அட்டை போன்ற சிறிய வேலைகள் அதற்குப் பிறகு எனக்குக் குறைந்துவிட்டன. வீடுகள் குறையவில்லை. அந்தக் கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று அண்ணாவிடமும் அக்காவிடமும் கேட்டு வரைய ஓர் ஆள் தேவைப்படுகிறது.

உங்களிடம் மட்டும் கேட்டு வாங்கக்கூடியது எது என்று முதலில் பாருங்கள். உங்கள் ஊர்க் கோயில், உங்கள் ஊர்ப் படகு, ஒரு குடும்பத்தின் பழைய நிழற்படம், எதுவாகவும் இருக்கலாம். அதில் நான்கைந்து படங்களை வரைந்து, ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு விலை வையுங்கள். நீங்கள் வரைவது எது, ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கீழே எழுதினால், விலை சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.